ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு

மழை விட்ட ஒரு வாரத்தில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் கதவில் இரண்டு தாள்களை ஒட்டினார்கள். மெட்ராஸ் ஐ வந்தவர்களின் கண்ணை யாரும் நேருக்கு நேர் பார்க்க வேண்டாம் என்று ஒன்றில் இருந்தது. லிஃப்டில் ஏறுவதற்கு முன் எல்லோரும் சானிடைசர் தடவிக்கொள்ள வேண்டும் என்று மற்றதில் இருந்தது. முதல் தாள் முட்டாள்தனம். இரண்டாவது, படித்தவர்களின் முட்டாள்தனம். எனக்கு இரண்டாவதன் மேல்தான் எரிச்சல் அதிகம்.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுக்கிறவள். வயது ஐம்பத்தாறு. ராஜா அண்ணாமலைபுரத்தில் இந்தக் கட்டிடத்தின் மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறேன். இளவயதில் ஆறு வருடம் ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு அழுதேன்: அடினோ என்கிற வைரஸ் நம் உடம்பின் ஒரு செல்லுக்குள் எப்படி நுழைகிறது? மெட்ராஸ் ஐயைக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்த வைரஸ்தான். அந்த ஆறு வருடத்தைப் பற்றி இன்றுவரை யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காதவர்களுக்குச் சொல்வதுதான் என் பிழைப்பே, அதனால் சொல்கிறேன்.

சில வைரஸ்களுக்கு மேலே கொழுப்பாலான ஓர் உறை இருக்கும். கொரோனா அந்த வகை. சோப்போ ஸ்பிரிட்டோ பட்டால் கொழுப்பு கரைந்துவிடும். உறை போனால் வைரஸின் கதையும் முடிந்தது. ஊரே இரண்டு வருடம் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது அதனால்தான், அது சரியான காரியமும்கூட. ஆனால் உறையே இல்லாத வைரஸ்களும் உண்டு. அடினோ அவற்றில் ஒன்று. அதற்கு வெளியே இருப்பது புரதத்தாலான கெட்டி ஓடு. கரைப்பதற்கு அங்கே கொழுப்பே கிடையாது. ஸ்பிரிட்டால் மேலாக ஒரு துடை துடைத்தால் அது அசைந்துகொடுக்காது. கதவுக் கைப்பிடியில், துண்டில், தலையணை உறையில் காய்ந்துபோய் நாள்கணக்கில், வாரக்கணக்கில்கூடக் கிடக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் கையை விட்டுப் போகும், ஆனால் செத்துப் போவதில்லை. தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

இதைத்தான் நான் எங்கள் சங்கத்தின் செயலாளரிடம் சொன்னேன். ஓய்வுபெற்ற பொறியாளர். லிஃப்ட் வாசலில் அவரே நின்றுகொண்டு ஒவ்வொருவர் கையிலும் சானிடைசரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தார். கோயிலில் தீர்த்தம் கொடுப்பவர் முகத்தில்கூட அவ்வளவு பவித்திரத்தை நான் பார்த்ததில்லை.

"மேடம், நீங்க சொல்றதெல்லாம் காலேஜுக்குச் சரி. கொரோனாவையே இதை வெச்சுண்டுதானே ஓட்டினோம்? எங்காத்துல இன்னிவரைக்கும் ஒருத்தருக்கும் கண்ணு செவக்கலை பாருங்கோ" என்றார்.

"இது வேற வைரஸ் சார். கையைத் தண்ணில நல்லா கழுவச் சொல்லுங்க. கண்ணைத் தொடாதீங்கன்னு எழுதுங்க. பார்த்தா ஒட்டாது."

"எழுதலாம், எழுதலாம். கமிட்டில வெச்சுப் பேசிண்டு எழுதலாம்."

வாட்ஸ்அப் குழுவில் நான் ஒரு நீண்ட செய்தி எழுதிப் போட்டேன். பதினோரு பேர் கும்பிடும் கைகளைப் போட்டார்கள். அடுத்த நாளே ஒருவர், மஞ்சள் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணில் கட்டும் வீடியோவை அனுப்பினார். அதற்கு இருபது பேர் கும்பிட்டார்கள். நான்காவது நாள் செயலாளர் வீட்டில் நான்கு பேருக்கும் கண் சிவந்தது. எனக்கு அப்போது வந்தது பரிதாபம் அல்ல. சமையலறையில் தனியாக நின்றுகொண்டு வாய்விட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை மறைத்து எழுதினால் அதற்குப் பிறகு நடந்தது விளங்காது.

*

எனக்குக் கண் அழுத்தம் கொஞ்சம் கூடுதல். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஆழ்வார்பேட்டையில் ஒரு கண் மருத்துவரிடம் போய்ப் பரிசோதித்துக்கொள்வேன். அந்த மருத்துவருக்குக் கூட்டம் அதிகம். கூடத்தின் சுவர் முழுக்க அவர் மாலை வாங்கும், கேடயம் வாங்கும், யாரோ ஒருவரோடு கைகுலுக்கும் படங்கள். ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம். அதில் ஒரு நிமிடம் கைபேசிக்கு. பல வருடத்துக்கு முன் என் பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று சீட்டில் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "ஓ, நீங்க புஸ்தக டாக்டரா? நாங்கதான் நெஜ டாக்டர்" என்று சொல்லிச் சிரித்தார். அவருக்கு அது மறுநாளே மறந்திருக்கும். நான் மறக்கவில்லை. அவரை நான் விடாமல் போய்ப் பார்த்துவந்ததற்குக் காரணம், வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம் என்பது மட்டும்தான்.

அன்று கூடத்தில் அறுபது பேராவது இருந்தார்கள். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாய். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, விரல் நுனிகளில் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன தழும்புகள்.

"இன்னாமா, நீங்க எப்ப வந்தீங்கோ? நான் ஒம்பது மணிலேந்து ஒக்காந்துகினு கீறேன்" என்றார்.

தி. நகரில் அவருக்கு ஆரி வேலைப் பட்டறை. கல்யாண ரவிக்கைகளுக்குக் கொக்கி ஊசியால் மணியும் ஜரிகையும் வைத்துத் தைப்பது. ஆறு பேர் வேலை செய்கிறார்களாம். பொங்கல் கழிந்தால் முகூர்த்தம் வரிசையாக இருக்கிறது. அதற்குள் கண்ணாடி பவர் மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வந்திருந்தார்.

"ரவிக்கைல மயிலு போடச் சொன்னா, மயிலுக்குக் கண்ணு போடறது மட்டும் நான்தாம்மா. அத்த வேற யாருக்கும் வுட மாட்டேன்" என்று சொல்லிக் கையைக் காற்றில் சுழற்றிக் காட்டினார். தி. நகர் பக்கம் வந்தால் பட்டறைக்கு வரச்சொல்லி, தெருவும் மாடியும் சொன்னார்.

அந்த நேரத்தில் பரிசோதனை அறையிலிருந்து ஒருவர் வெளியே வந்தார். அலுவலக உடை, கறுப்புக் கண்ணாடி, கைக்குட்டையால் கன்னத்தை ஒற்றிக்கொண்டே வந்தார். கண்ணாடியைத் தூக்கி இமையைத் துடைத்தபோது பார்த்தேன். தக்காளி மாதிரி இருந்தது கண். இமை வீங்கிப் பாதி மூடியிருந்தது. அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எதற்காக வந்தவரானாலும் அங்கே முதலில் கண் அழுத்தம் பார்ப்பார்கள். உள்ளே அதைப் பார்ப்பவர் நாற்பத்தைந்து வயதுப் பெண். இருபது வருடமாக அங்கே இருக்கிறார். ஊரூர் ஒல்காட் குப்பத்துக்காரர் என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார். கண் மரத்துப்போகும் சொட்டு, பிறகு மஞ்சள் சாயச் சொட்டு. அதற்குப் பிறகு ஒரு சிறிய கண்ணாடிக் கூம்பின் தட்டை முனையை நேராகக் கருவிழியின் மேல் வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். மரத்துப்போயிருப்பதால் நமக்கு ஒன்றும் தெரியாது. நீல வெளிச்சம் மட்டும் தெரியும்.

எனக்கு முன்னால் போனவருக்கு வைத்த மஞ்சள் சாயம் இன்னும் ஒட்டியிருந்த முனையைத்தான் அவர் கையில் எடுத்தார். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒருமுறை, இரண்டுமுறை துடைத்தார். காற்றில் ஆட்டிக் காய வைத்தார். கருவியில் பொருத்தினார்.

இந்த ஊரில் அந்த நிமிடம் அந்த முனையில் என்ன இருக்கும், அதை ஸ்பிரிட் ஏன் ஒன்றும் செய்யாது, என் கருவிழிக்குப் போனதும் அது என்ன செய்யும் என்று கட்டம் கட்டமாகச் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் அப்படி ஒருத்தி. நான் வாயைத் திறந்தேன்.

"நெத்திய ஒட்டி வைங்க மேடம். தாடைய இங்க வைங்க" என்றார் அவர்.

நான் வாயை மூடிக்கொண்டு தாடையை வைத்தேன்.

ஏன் என்று அதற்குப் பிறகு பல இரவுகள் என்னைக் கேட்டுக்கொண்டேன். பயம் இல்லை. கூச்சமும் இல்லை. இவர்களிடம் போய்ச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிற அலட்சியம். லிஃப்ட் வாசல் மனிதரிடம் சொன்னேன், என்ன ஆயிற்று? இந்தக் கேடயக்காரரிடம் சொன்னால் 'புஸ்தக டாக்டர்' என்று மறுபடி சிரிப்பார். முட்டாள்களோடு பேசி என் மதிப்பைக் குறைத்துக்கொள்வானேன் என்று நினைத்தேன். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு கௌரவமான ஒரு பெயர் வேறு எங்கும் கிடைக்காது. மற்றவர்களை மட்டமாக நினைப்பதில் இந்த வசதி உண்டு: எதையும் செய்ய வேண்டியதில்லை.

மருத்துவரின் மூன்று நிமிடத்தில் எங்கள் குடியிருப்பில் மெட்ராஸ் ஐ இருப்பதை மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பாயைக் கூப்பிட்டார்கள். எனக்குத் தலையசைத்தார், நானும் தலையாட்டினேன், அவர் உள்ளே போனார். நான் வீட்டுக்கு நடந்தேன்.

*

ஏழு நாள் எண்ணினேன். எட்டாம் நாள் காலை இடது கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தியது. மாலைக்குள் கண் சிவந்து நீராக ஊற்றியது. காதுக்கு முன்னால் ஒரு நெறி கட்டிக்கொண்டது. அதைத் தொட்டுப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாள் வலது கண்ணும் சேர்ந்துகொண்டது.

கல்லூரிக்கு இரண்டு வாரம் விடுப்புச் சொன்னேன். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, வெளிச்சம் படாமல் படுத்திருந்தேன். படிக்க முடியாது, கைபேசியைப் பார்க்க முடியாது. செய்ய ஒன்றுமில்லாமல், கண்ணுக்குள் நடப்பதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். முப்பது வருடத்துக்கு முன் படங்களாகவும் வரைகோடுகளாகவும் பார்த்த காரியம் இப்போது என் இமைக்குக் கீழேயே நடந்துகொண்டிருந்தது.

அந்த ஓட்டுக்கு இருபது முகம், பன்னிரண்டு முனை. ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், குச்சியின் நுனியில் ஒரு குமிழ். செல்லின் மேற்பரப்பில் அதற்கென்று சில பிடிகள் உண்டு. பக்கத்துச் செல்லோடு ஒட்டி நிற்பதற்கும், வேறு வேறு வேலைகளுக்கும் செல் தனக்காக வைத்திருக்கிற புரதங்களும் சர்க்கரைகளும் அவை. அடினோவில் வகைக்கு வகை பிடி மாறும். கண்ணுக்கு வருகிற சில வகைகள் ஒரு சர்க்கரையைப் பிடிக்கின்றன. குமிழ் போய் அதில் மாட்டிக்கொள்ளும். பிறகு குச்சியின் அடிப்பகுதி இன்னொரு புரதத்தைப் பிடிக்கும். இந்த இரண்டாவது பிடி விழுந்ததும், தள்ளுவதற்கு ஆளே வேண்டாம். செல் தானாகவே தன் தோலை உள்பக்கம் குழித்து, வைரஸை ஒரு பைக்குள் வைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். ஏதோ சாப்பாடு வந்திருக்கிறது என்று அதற்கு நினைப்பு. ஆராய்ச்சி செய்த நாளிலேயே செல்மேல் எனக்கு மரியாதை கிடையாது.

உறை உள்ள வைரஸ் என்றால் தன் கொழுப்பைச் செல்லின் கொழுப்போடு ஒட்டவைத்து, வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். உறை இல்லாததற்கு அந்த வழி இல்லை. அது பையை உடைத்துக்கொண்டுதான் வெளியேற வேண்டும். எப்படி உடைக்கிறது என்பதுதான் என் ஆறு வருடம். உள்ளே வந்ததைச் செரிக்கலாம் என்று செல் அந்தப் பைக்குள் அமிலத்தை ஏற்றுகிறது. இதற்குள் வைரஸின் குச்சிகள் கழன்றிருக்கும், ஓட்டின் முனைகள் தளர்ந்திருக்கும். இதுவரை உள்ளே சுருண்டுகிடந்த ஒரு புரதம் வெளியே வந்து பையின் சுவரில் செருகிக்கொள்ளும். சுவர் கிழியும். மிச்ச ஓடு வெளியே விழும். அதற்கப்புறம் கஷ்டமே இல்லை. செல்லுக்குள்ளேயே சரக்கு ஏற்றிப் போக பாதைகளும் இழுத்துப் போகிற புரதங்களும் இருக்கின்றன. அதில் ஏறிக்கொண்டு நேராக உட்கருவுக்குப் போய், அதன் துளை ஒன்றின் வாயில் ஒட்டி நின்று, அங்கேயே ஓடு உடைந்து, தன் டி.என்.ஏ.வை மட்டும் உள்ளே நுழைக்கும். ஒன்றிரண்டு மணி நேர வேலை. அதிலிருந்து செல்லுக்குத் தன் வேலை கிடையாது. வைரஸ் செய்வதுதான் வேலை. கடைசியில் வெடித்துச் செத்து, ஆயிரக்கணக்கில் வெளியே கொட்டும்.

இத்தனையும் எனக்கு மனப்பாடம். இத்தனையும் மனப்பாடமாக இருந்த ஒருத்தி தாடையைத் தூக்கி அதன் முன்னால் வைத்தாள். செல்லுக்காவது தெரியாது.

*

பத்து நாள் கழித்துக் கண்ணைக் கொஞ்சம் திறக்க முடிந்தபோது, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆழ்வார்பேட்டைக்குப் போனேன். எதையும் தொடவில்லை. வராந்தாவில் நின்றபடியே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அங்கே சிவந்த கண்ணோடு தனியாக ஒரு பெஞ்சில் ஐந்தாறு பேரை உட்கார வைத்திருந்தார்கள். அதில் பாயும் இருந்தார். என்னைவிட மோசம். இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"மச்சான் ஊர்லேந்து கண்ணு செவந்துகினு வந்தான்மா. பாக்காதனு வூட்ல சொல்லிகினே இருந்தாங்கோ, நான் பாத்துட்டேன்" என்றார்.

"எப்ப வந்தார் மச்சான்?"

"நாலு நாளாச்சு. எனக்கு ஒரு வாரமாவே லேசா செவந்துகினு இருந்துச்சு, அவன் வந்தப்பறம்தான் இப்டி ஒட்டிகிச்சு."

பாய்க்குக் கண் சிவந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. மச்சான் வந்து நான்கு நாள். அதை அவருக்கு நான் கூட்டிக் கழித்துக் காட்டவில்லை. மருத்துவர் கூப்பிட்டார்.

கருவியில் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "கருவிழியில புள்ளி புள்ளியா வந்திருக்கு. பார்வை கொஞ்ச மாசம் மங்கலாத்தான் இருக்கும், போயிடும்" என்றார்.

"இது இங்கேதான் எனக்கு வந்தது டாக்டர். அழுத்தம் பார்க்கிற முனையை ஸ்பிரிட்டால துடைக்கிறீங்க. அடினோவுக்கு ஸ்பிரிட் பத்தாது. எனக்கு முன்னாடி வந்தவருக்கு இருந்தது, எனக்குப் பின்னாடி போனவருக்கும் வந்திருக்கு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உங்க அப்பார்ட்மென்ட்ல இருக்குன்னு நீங்கதானே போன தடவை சொன்னீங்க? அங்கேர்ந்து வந்திருக்கும். சீசன் மேடம். ஊருக்கே வருது. எங்கேர்ந்து வந்ததுன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

முடியாது. அது உண்மை, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தப் புன்னகையோடு சீட்டில் ஏதோ எழுதி, அடுத்தவருக்கு மணியடித்தார். இருபத்தைந்து வருடம் கண்ணையே பார்த்தவர் எதையும் பார்க்கத் தெரியாமல் இருப்பதற்கு நிஜமாகவே ஒரு கேடயம் கொடுக்கலாம்.

மாடிப்படியில் இறங்கும்போது, "மேடம், ஒரு நிமிசம்" என்று குரல் கேட்டது. அழுத்தம் பார்க்கும் பெண். பின்னாலேயே இறங்கி வந்திருந்தார். நான் முந்திக்கொண்டேன். இருபது வருடம் வேலை பார்க்கிறீர்களே, இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன். வகுப்பில் பேசுகிற குரலில்தான் கேட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "தெரியும் மேடம். ப்ளீச்சு கலந்த தண்ணில பத்து நிமிசம் ஊறப் போடணும். அப்பால நல்ல தண்ணில அலசணும், தொடச்சிக் காய வைக்கணும். ட்ரைனிங்ல சொல்லிக் குடுத்தாங்கோ. இங்க கீறது ரெண்டே முனை. வெளில அறுபது பேரு. இன்னும் நாலு வாங்கிக் குடுங்க சார்னு மூணு வாட்டி கேட்டேன். 'தொடச்சிட்டு வை, லேட் பண்ணாத'ன்னு வுட்டாரு."

"அப்படியா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நான் மூணு வாட்டி சொன்னேன். நீங்க எத்தினி வாட்டி சொன்னீங்கோ?"

நான் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன்.

"அன்னைக்கு நான் தொடைக்கசொல்லோ என் கையவே பாத்துகினு இருந்தீங்கோ. வாயத் தொறந்தீங்கோ. நான் பாத்தேன் மேடம். காலேஜ்ல இத்தத்தான் சொல்லிக் குடுக்கிறீங்கோன்னு உங்க சீட்டுல போட்டுகீது. படிச்சவங்க ஒருத்தரு வாயால வந்துட்டா, அத்த வெச்சி நான் சார்கிட்ட போய் நிக்கலாம்னு இருந்தேன். நீங்க தாடைய வெச்சிட்டீங்கோ." அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, "நான் வாயத் தொறந்தா வேல பூடும். உங்களுக்கு இன்னா பூடும்?" என்றார்.

பதிலுக்கு நிற்காமல் படியேறிப் போய்விட்டார். அறுபது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள்.

என்னை யாராவது மட்டமாகப் பார்த்தால் எனக்கு உடனே தெரிந்துவிடும். நானே அந்தப் பார்வையில் பழகினவள். அந்தப் பெண் அப்படித்தான் பார்த்தார். அதற்கு அவருக்கு முழு உரிமை இருந்தது. இந்தக் கதையில் அந்த உரிமை உள்ளவர் அவர் ஒருவர்தான்.

*

என் கண்ணிலிருந்து அடுத்தவருக்குப் போகாது என்று நிச்சயமானபின், ஒரு சனிக்கிழமை காலை, கூட்டம் மிகுந்த நேரமாகப் பார்த்து அங்கே போனேன். கூடத்தின் நடுவில் நின்று, வகுப்புக் குரலிலேயே சொன்னேன். உள்ளே உங்கள் கண்மேல் வைக்கிற முனையை ஒவ்வொருவருக்கும் நடுவில் ப்ளீச்சில் பத்து நிமிடம் ஊறவைத்து அலச வேண்டும், ஸ்பிரிட்டில் துடைத்தால் போதாது, எனக்கு அப்படித்தான் வந்தது என்று நினைக்கிறேன், அப்படிச் செய்யவில்லை என்றால் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டுமுறை தொடங்க வேண்டியிருந்தது. முப்பது வருடம் மேடையில் பேசியவளுக்கு.

அறுபது தலைகள் நிமிர்ந்தன. ஐம்பது மறுபடி கைபேசிக்குள் குனிந்தன. ஒரு அம்மாள், "பத்து நிமிஷம்னா நம்ம டர்ன் எப்ப வரும்?" என்று பக்கத்தில் கேட்டார். ஒருவர் என்னைப் படம் எடுத்தார். ஆனால் ஒரு முதியவர் எழுந்து, ஊறவைத்தால்தான் உள்ளே வருவேன் என்று வரவேற்பு மேஜையில் சொன்னார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள். மருத்துவர் வெளியே வந்து, "மேடம், வாங்க, உள்ள பேசலாம்" என்றார். எது பேசினாலும் இங்கேயே பேசலாம் என்றேன். அவருக்கு என்னைப் பிடிக்காமல் போனது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவர் செய்த முதல் காரியம், வாசலில் காலால் மிதிக்கும் சானிடைசர் ஸ்டாண்ட் வைத்தது. இரண்டாவது காரியம், 'இங்கே சர்வதேசத் தரத்தில் தொற்றுத் தடுப்பு' என்று ஒரு பலகை. மூன்றாவதாகத்தான், சனிக்கிழமை கேட்டவர்கள் மறுபடி வந்து கேட்டபிறகு, எட்டு முனைகள் வாங்கிக் கொடுத்தார். எட்டு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அழுத்தம் பார்க்கும் பெண் தன் கைபேசியிலிருந்து, என் சீட்டில் இருந்த எண்ணுக்கு ஒரு படம் அனுப்பினார்: வரிசையாக எட்டு முனைகள், பக்கத்தில் பத்து நிமிடத்துக்குத் திருகி வைத்த ஒரு சமையலறை டைமர். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நன்றி என்று நானும் எழுதவில்லை. அது அவர் மூன்றுமுறை கேட்டு வாங்கியது.

*

பாயிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு இன்னும் ஒரு மாதம் பிடித்தது.

தி. நகரில் அவர் சொன்ன தெரு, அவர் சொன்ன மாடி. நான்கு மரச்சட்டங்களில் பட்டுத்துணியை இழுத்துக் கட்டி, ஆறு பேர் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். பாய் சுவரோரமாக ஒரு ஸ்டூலில் சும்மா உட்கார்ந்திருந்தார். கண்ணில் சிவப்பு இல்லை. ஆனால் பல்பைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரிகிறது, மணியின் துளை தெரியவில்லை என்றார். முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட ரவிக்கைகளில் பாதியைப் பக்கத்துத் தெருப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டார். மீதியில் மயிலுக்குக் கண் வைப்பதை, இதுவரை வேறு யாருக்கும் விடாததை, அவர் தங்கை மகள் செய்துகொண்டிருந்தாள்.

"மச்சான் பண்ணின வேலைமா. இன்னும் அவனாண்ட பேசல" என்றார்.

நான் சொன்னேன். அந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரர், முனை, பஞ்சு, எனக்குப் பின்னால் அவர் போனது எல்லாவற்றையும். மச்சான் வருவதற்கு முன்பே அவருக்கு வந்துவிட்டது என்பதையும். நிச்சயம் என்று சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்றும் சொன்னேன்.

வேலை செய்த ஆறு பேரும் கையை நிறுத்தினார்கள். பாய் என்னையே பார்த்தார். மங்கலான கண் என்பதால் கொஞ்சம் முன்னால் குனிந்து பார்த்தார்.

"உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"எனக்கு முன்னாடி உள்ள போயிட்டு வெளில வந்தீங்களே. தலையாட்டினீங்களே. 'பாய், உள்ள போவாத'ன்னு ஒரு வார்த்த சொல்லிகினு போயிருக்கலாமேமா."

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்டேன். பாய் தங்கை மகளிடம் திரும்பி, "மச்சானுக்கு போன் போட்டுக் குடு" என்றார். அவள் போட்டுக் கொடுத்தாள். மச்சானிடம் உருதுவில் பேச ஆரம்பித்தார். நான் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

சித்திரையில் ஒருநாள் அந்த வழியாகப் போனபோது மாடியேறிப் பார்த்தேன். பாய் சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கொக்கி ஊசி துணியில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது.

"கண் எப்படி இருக்கு பாய்?" என்றேன்.

"கீது. தை பூரா போச்சு, மாசி பூரா போச்சு. இப்ப பரவால்ல." ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உங்களுக்கு?"

"இடது கண்ணுல இன்னும் கொஞ்சம் மூட்டம்."

"போயிடும்னு டாக்டரு சொன்னாரு" என்றார். அவ்வளவுதான் பேச்சு. உட்காரச் சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.